எடை குறைப்பதும் கூட்டு வேலையே
(மலாக்கா மாநிலத் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலி, வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நம் உடம்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். தொழிலாளிக்கு உடம்பே மூலதனம். அதை நீரிழிவு அரித்துக்கொண்டிருக்கையில் சங்கம் வாய்மூடியிருத்தல் தகாது.

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வு கூறுவதென்ன? இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். ஏறக்குறைய மூவரில் ஒருவர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேர் எடை மிகுந்தவர்கள். கால் புண் ஆறாமல் விரலை இழந்தவரையும், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கச் செல்பவரையும் நம்மில் அறியாதார் யார்?

நம் முன்னோர் இருள் பிரியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பால் வாளி சுமந்து மேடு பள்ளம் நடந்தார்கள். உண்ட சோறு வியர்வையாயிற்று. இன்றோ மலாக்காவில் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மவர் பலர் காவல் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். கிராணிமார்களாகிய நாங்களோ நாள் முழுதும் நாற்காலியில். ஆனால் தட்டிலுள்ள சோறு குறையவில்லை. டின் பால் ஊற்றிய தேநீரோ கூடிவிட்டது.

ஒருவர் "இன்று முதல் சோற்றைக் குறைப்பேன்" என்கிறார். வீட்டில் உலை அதே அளவுதான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்" என்கிறார் தாயார். கடையில் நண்பர் தே தாரிக் வாங்கித் தருகிறார். மூன்றாம் நாள் உறுதி கரைகிறது. மனவலிமை இல்லாதவர் என்று நாமே சிரிக்கிறோம். உலை பொது, கடை பொது, பழக்கம் பொது. அவற்றை ஒருவர் தனியே எப்படி மாற்றுவார்?

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 578 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். முடிவு 2016-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மற்றப் பிரிவினர் வாரந்தோறும் குழுவாகக் கூடி உணவு, உடற்பயிற்சி, எடை பற்றிக் கற்றனர். தேவைப்பட்டோருக்கு மருந்தும் தரப்பட்டது. மூன்றாண்டில் முதற்பிரிவில் நூற்றுக்கு 35 பேருக்கு நீரிழிவு கண்டது. கூடிக் கற்றோரில் 26 பேருக்குத்தான். நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய 'கொஸ்பென்' திட்டம், குடியிருப்பிலுள்ள தொண்டர்களையே பயிற்றுவித்து இப்பணியில் இறக்கியது.

தனித்தனியாக நின்றபோது பலமில்லை என்றுதானே 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாயின? அதே பாடம் இங்கும் பொருந்தும்.

ஆகவே, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள். வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே பெரும் நன்மை.

ஒருவருக்கு மட்டும் பத்தியச் சோறு வேண்டாம். வீடு முழுதும் ஒரே சாப்பாடு: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ. தேநீரில் டின் பாலைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் சேர்ந்து நடங்கள். தாய்மார்களும் நடக்க வேண்டும். அந்நேரம் பாத்திரம் கழுவுவதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் ஆண்களின் பொறுப்பு.

பட்டினி கிடக்காதீர்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கேட்ட பின்பே உணவைக் குறையுங்கள்.

இறுதியாக, "குண்டு" என்று எவரையும் கேலி செய்யாதீர்கள். கேலிக்கு ஆளானவர் குழுவுக்கு வரமாட்டார், கிளினிக்குக்கும் போகமாட்டார். இரண்டு வாரம் எடை குறையாதவரை வீடு தேடிப் போய் அழைத்து வாருங்கள்.

பாலை நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இது புதிய வேலையன்று. அடுத்த கிளைக் கூட்டத்தில் எடை பார்க்கும் தராசும் அளவு நாடாவும் வைக்கப்படும். குடும்பத்தோடு வாருங்கள். கிராணிமார்களாகிய நாங்களே முதலில் ஏறி நிற்கிறோம்.