கோடையில் செடியும் தையலும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் கிராமங்களுக்குக் கொடுத்த தையல் மிஷின்கள் ஓடுகின்றனவா என்று உங்களில் பலர் விசாரித்தீர்கள். நன்றாக ஓடுகின்றன. ஆனால் அவற்றோடு சேர்த்து நாங்கள் போட்டுக்கொடுத்த வீட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை முதல் கோடையிலேயே காய்ந்துபோயின. தவறு அந்தப் பெண்களுடையது அல்ல, எங்களுடையது.

திண்டுக்கல் சமவெளியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பங்குனிக்குள் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விடும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது செடி அதிகத் தண்ணீர் கேட்கிறது. அதே மே மாதத்தில்தான் தையல் வேலையும் குவிகிறது. ஜூனில் பள்ளி திறக்குமுன் சீருடை முடியவேண்டும். வைகாசி முகூர்த்தத்துக்கு ரவிக்கை வேண்டும். நிலக்கோட்டைப் பக்கமானால் விடியுமுன்னே மல்லிகை மொட்டு பறிக்கப் போகவேண்டும். கோடையில் பூ கொட்டும், விலை இறங்கிவிடும். இருந்தாலும் பறிக்காமல் விடமுடியாது. இத்தனைக்கும் நடுவே குழாயடி, ஆடு மாடு, அடுப்பு. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே ஆள்.

"துணி குடுத்தவங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க சார், கீரை வந்து நிக்குமா?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

அப்படியானால் தோட்டத்தை விட்டுவிடலாமே என்று தோன்றும். தையல் கூலி கடனுக்கும் பள்ளிச் செலவுக்கும் போய்விடுகிறது. காசு கொடுத்துக் கீரை வாங்குவது கடைசியில்தான். இரத்தசோகையோடு எங்களிடம் வரும் தாய்மார்களைப் பார்த்தபின் முருங்கையை விட மனம் வரவில்லை.

ஆகவே தோட்டத்தைச் சுருக்கினோம். கோடையில் புது நடவு கிடையாது. துணி அலசிய தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழை. சோப்பு மிகுந்த முதல் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்த அலசலைத்தான் விடுகிறோம். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 முருங்கையை, காய் ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

கீரைக்கு ஒரே ஒரு சிறு பாத்தி. நடுவில் மண்பானையைப் புதைத்து, அடியில் துளையிட்டு, துணித்திரி செருகுகிறோம். தண்ணீர் வேரடியில் கசியும். தினமும் குடம் தூக்கவேண்டாம். திரிக்கு வெட்டுத்துணி போதும், ஆனால் பருத்தியாக இருக்கவேண்டும். சீருடைத் துண்டில் பாலியெஸ்டர் கலந்திருப்பதால் தண்ணீர் சரியாக ஏறவில்லை. ரவிக்கை உள்துணி நன்றாக இழுக்கிறது. இதை நாங்கள் கற்றுத் தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்! பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை பாத்திக்குப் பந்தலாயிற்று.

காலையும் மாலையும் செடிக்கு. உச்சிவெயில் நேரம் வேப்பமர நிழலில் மிஷினுக்கு. சொல்ல எளிது. சீருடை நெருக்கும் வாரத்தில் இந்த ஒழுங்கும் குலைந்துபோகிறது. பிள்ளைகளோ வீட்டுக்காரரோ பானையை நிரப்பும் வீடுகளில்தான் கீரை தப்புகிறது.

பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருந்தது. 1947-ல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது கைத்தொழில், கல்வி, உடல்நலம் எல்லாவற்றையும் ஒரே வாழ்க்கையாகப் பார்த்தார்கள். நாங்களோ மிஷினுக்கு ஒரு கணக்கு, விதைக்கு ஒரு கணக்கு என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

விதைக்கென்று நீங்கள் அனுப்புவதை இனி ஆடிப்பட்டத்துக்கு வைத்திருப்போம். அதற்குமுன் அனுப்ப மனமுள்ளவர்கள் மண்பானைக்கும், மிஷின் எண்ணெய்க்கும், தோல் வாருக்கும் அனுப்புங்கள். சீருடை வேலை நெருக்கும்போதுதான் வார் அறுகிறது.