நினைவட்டையின் நோய்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று வாசற் காமிரா உண்டு. இடவப்பாதி மழையில் மின்சாரம் போய் வந்ததும், "கார்டு பழுது, பார்மட் செய்க" என அது அறிவிப்பதுண்டு. நாமும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். முந்தின வாரம் ஊரிலிருந்து வந்து வாசலில் நின்ற பாட்டியாரின் உருவம் அதில் இருந்தது பிறகே நினைவுக்கு வரும்.

பெரும்பாலும் கெடுவது படமன்று. படம் எங்குள்ளதெனக் காட்டும் அட்டவணையே. எழுதும் வேளையில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை அரைகுறையாய் நின்றுவிடும். பார்மட் செய்தால் புதிய அட்டவணை அமையும். காமிராவோ பழைய படத்தின் மேலேயே எழுதத் தொடங்கும். ஆதலால் முதலில் அட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். கணிப்பொறியில் செருகியதும் "சரி செய்யவா?" என்று அது கேட்கும்; மறுத்துவிடுவோம். அட்டை முழுவதையும் அப்படியே நகலெடுத்து, மீட்கும் வேலையை நகலில் செய்வதே முறை.

2004 சனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்திக்கும் இதையொத்த தொல்லை நேர்ந்தது. நினைவகத்தில் கோப்புகள் மிகுந்து, அது ஓயாமல் தானே அணைந்து தானே துவங்கியது. அறிஞர்கள் அந்நினைவகத்தைத் தொடாமலே துவங்குமாறு கட்டளையிட்டு, வேண்டாத கோப்புகளை நீக்கி, அதன் பின்னரே பார்மட் செய்தனர். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் பதற்றமில்லை!

படம் மீண்ட பின் அட்டையை நாமும் பார்மட் செய்யலாம். மறுபடியும் கெட்டால் மாற்றிவிடுவதே நன்று. ஓயாது எழுதுவதைத் தாங்கும் அட்டைகள் காமிராக்களுக்கெனவே விற்கின்றன. மலிவான அடாப்டரும் மெல்லிய கம்பியும்கூடக் குற்றவாளிகளே. மழைக்கு முன்பே காமிராவுக்குச் சிறு பாட்டரித் துணை அமைத்துக்கொள்வோம்.