வறட்டியும் சாணவாயுவும்

(தருமபுரி ஜில்லாவில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



மழையை நம்பிக் கேழ்வரகும் சாமையும் விளைக்கும் நமது ஜில்லாவில் தொழுவத்துச் சாணத்தைக் கொல்லையும் கேட்கின்றது, அடுப்பும் கேட்கின்றது. அடுப்பிலிட்டது கொல்லைக்கு இல்லை. இரண்டிற்கும் உதவும் வழியைக் கூறவே இங்கு நிற்கின்றேன்.

வறட்டியைத் தீயிலிட்டதும் எஞ்சிய ஈரம் ஆவியாகின்றது. பின்பு சூட்டினால் அது சிதைந்து, புகையும் எரிவாயுக்களும் வெளிப்படுகின்றன. மஞ்சள் சுவாலையாய்த் தெரிவது அவ்வாயுக்கள் எரிவதே. முடிவில் கரி கனன்று சாம்பலாகின்றது. காற்றுப் போதாத அடுப்பில் வாயுக்கள் முற்றும் எரியாமல், புகையாய்த் தாய்மார்களின் கண்ணையும் மார்பையும் வருத்துகின்றன. உஷ்ணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கின்றது. தழைச்சத்து காற்றோடு போய்விடுகின்றது.

அதே சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், ஒரு வகை நுண்கிருமிகள் அதைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. வேறொரு வகை அதிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு மீதேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. இது நீலச் சுவாலையாய்ப் புகையின்றி எரியும். தழைச்சத்தோ தொட்டிச் சேற்றிலேயே தங்கி எருவாகின்றது.

இது புதுமையன்று. பம்பாய் மாதுங்கா குஷ்டரோகிகள் விடுதியில் 1897-லேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினர். 1939-ல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக்கொண்டு பரிசோதித்தார். 1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் மிதக்கும் மூடியுள்ள தொட்டியைக் கிராமங்களில் பரப்பியது.

கவனிக்கவேண்டியவை சில உள. எஞ்சிய சோறு, காய்கறித் தோல் முதலியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ஒரேயடியாய்க் கொட்டினால் புளிப்பு மிகுந்து வாயு நின்றுவிடும். சோப்புநீரும் பினாயிலும் ஆகா. மார்கழிக் குளிரில் வாயு குறையும். கசிவு நாற்றம் கண்டால் தீக்குச்சி கிழிக்காது கதவைத் திறக்கவேண்டும்.

2 கனமீட்டர் தொட்டிக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள் வேண்டும். ஒரு மாடு உள்ளோர் என் செய்வது? அங்கேதான் கூட்டுறவு பயன்படும். பல வீட்டார் சேர்ந்து ஒரு தொட்டி கட்டி, அவரவர் தரும் சாணத்தை நிறுத்துக் கணக்கெழுதி, அதற்கேற்ப வாயுவும் எருவும் பெறலாம். மாடில்லாத பெண்கள் வழியில் பொறுக்கும் சாணத்திற்கும் அக்கணக்கில் இடம் அவசியம். சாணத்திற்கு மதிப்பேறினால் முதலில் அடுப்பணைவது அவர்கள் வீட்டிலேயே. அவர்களை விலக்கிய தொட்டி சங்கத்தின் தொட்டியாகாது. இதை யோசித்துத் தீர்மானிக்குமாறு தங்களை வேண்டுகின்றேன்.