கப்பலை அரிக்கும் குமிழியும் அதற்கொரு தமிழ்ப் பெயரும்



‘பாகான்’ என்னும் மலாய்ச் சொல் படகு அணையும் துறையைக் குறிக்கும். பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இக்கழிமுகத்தில் அமைந்த ஊருக்கு அது பொருந்திய பெயரே. மலாய் மொழியில் கப்பலைக் குறிக்கும் ‘காப்பால்’ என்னும் சொல்லோ நம் ‘கப்பல்’ என்பதிலிருந்து சென்றது. கப்பலுக்கே பெயர் தந்த மொழியினராகிய நாம், அக்கப்பலின் உந்துவிசிறியை அரித்துத் தின்னும் ஒரு நிகழ்வுக்கு நிலையான பெயரொன்றை வழங்கிப் பழகவில்லை. ஆங்கில வழக்கில் அதனைக் ‘கேவிட்டேஷன்’ என்பர். பொறியியல் நம் துறையன்று. ஆயினும் ஒன்றற்குப் பெயரிட முற்படுவோர் முதலில் அதனை அறிந்திருத்தல் வேண்டுமாதலால், பொருளை முன்வைத்துச் சொல்லைப் பின்வைப்போம்.

நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று தொடக்கப்பள்ளியில் கற்பிக்கிறோம். கடல்மட்டத்து வளியழுத்தத்திலேயே அது உண்மை. அழுத்தம் குறையுமாயின் நீர் குறைந்த வெப்பநிலையிலும் கொதிக்கும். நம் கடலோரத்து நீர்போல 30 பாகையில் இருக்கும் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 4.2 கிலோபாஸ்கல், வளியழுத்தமோ 101 கிலோபாஸ்கல். விசிறியின் தகடு விரைந்து சுழலுங்கால் அதன் ஒரு முகத்தில் அழுத்தம் வீழ்கிறது. அவ்வீழ்ச்சி ஆவியழுத்தத்தை எட்டினால், சூடேறாமலேயே நீர் அவ்விடத்தில் ஆவிக்குமிழிகளாக எழக்கூடும். ஊசி நீக்கிய பீச்சுகுழலில் சற்றே சூடான நீரை எடுத்து, வாயை விரலால் அடைத்துத் தண்டினைப் பின்னிழுத்தால் மாணவர் இதனை வகுப்பறையிலேயே காணலாம். தண்டினை விட்டதும் ஆவிக்குமிழிகள் மறைந்துவிடும். அந்த மறைவில்தான் தீங்கு இருக்கிறது.

இந்நிகழ்வு பொறியாளரை முதன்முதலில் பெரிதும் திகைக்கவைத்தது 1890களில். பிரிட்டனின் ‘டேரிங்’ என்னும் போர்க்கப்பல் எதிர்பார்த்த விரைவை எட்டவில்லை. விசிறித் தகடுகளின் பரப்பை மிகுத்த பின்னரே விரைவு கூடியது. அதனை ஆராய்ந்து எழுதிய பார்னபி, ‘கேவிட்டேஷன்’ என்னும் சொல்லை ஆர். இ. புரூட் கூறியதாகக் குறிப்பிட்டார். சார்ல்ஸ் பார்சன்ஸ் கட்டி 1894இல் வெள்ளோட்டம் விட்ட ‘டர்பீனியா’வுக்கும் இதே இடர் நேர்ந்தது. அவர் 1895இல் செம்பினால் ஒரு மூடிய குழாய்வளையம் செய்து, அதனுள் 2 அங்குல விசிறியைச் சுழலவிட்டு, நீரின் மேலிருந்த காற்றழுத்தத்தைக் குறைத்து, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் குமிழிகளைக் கண்டார். ஒரே தண்டில் ஒரே விசிறி என்றிருந்த அமைப்பை மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகள் என மாற்றினார். 1897இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில், ஏறத்தாழ 34 கடல்மைல் விரைவுடைய அச்சிறு கலத்தைத் துரத்திப் பிடிக்க எந்தக் கடற்படைப் படகாலும் இயலவில்லை.

இனி அந்த மறைவுக்கு வருவோம். தாழழுத்தப் பகுதியைக் கடந்து மிகையழுத்தப் பகுதிக்குள் செல்லும் ஆவிக்குமிழி, உள்ளிருக்கும் ஆவி மீண்டும் நீராகிவிடுவதால் தாங்குவாரின்றிச் சரிகிறது. சூழ்ந்த நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மையத்தை நோக்கிப் பாய்கிறது. ரேலி பிரபு 1917இல் இதற்குக் கணக்கு வகுத்தார். அவர் வாய்பாட்டின்படி, வளியழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி சரிந்து முடியப் பத்தாயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. உலோகத்தை ஒட்டிச் சரியும் குமிழியினுள் கூரிய நீர்த்தாரை ஒன்று புகுந்து தகட்டினைத் தாக்கும்; அதிர்வலையும் உடன் எழும். எண்ணற்ற முறை இவ்வாறு நிகழ, உறுதியான வெண்கலமும் பஞ்சுபோல் துளைபடுகிறது. நாலடியார் மழைநீர்க் குமிழியை நிலையாமைக்கு உவமையாக்கியது. நிலையாமையே இத்துணை வலிமையுடையதாக இருக்கும் என்பதைக் காண அக்காலத்தில் உந்துவிசிறி இருக்கவில்லை!

விசிறியின்றியும் இது நிகழும். வெப்பமண்டலக் கரையோரக் கடல்களில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிற்றிறால் வகை உண்டு. அது கொடுக்கைச் சொடுக்கும்போது எழும் பேரொலி, கொடுக்கின் இரு பகுதிகளும் மோதுவதால் எழுவதன்று, நீர்த்தாரையில் தோன்றும் குமிழி சரிவதால் எழுவது என்று 2000ஆம் ஆண்டில் விரைவு ஒளிப்படங்களால் மெய்ப்பிக்கப்பட்டது.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லின் வேர், குடைவு என்னும் பொருளுடைய இலத்தீன் ‘கவுஸ்’. அதனை அப்படியே பெயர்த்தால் ‘குழிவாதல்’ என்று வரும். நாம் இதனை ஏற்கத் தயங்குகிறோம். அங்கே குழிவது நீர். ஆனால் ‘குழி’ என்றவுடன் தமிழ் மாணவர் மனத்தில் தோன்றுவது தகட்டில் விழுந்த பள்ளம். விளைவின் பெயர் காரணத்துக்குச் சென்று ஒட்டிக்கொள்கிறது. தேர்வுத்தாளில் ‘குழிவாதலால் குழி விழுகிறது’ என்று எழுதும் மாணவர் எதனையும் விளக்கியவர் ஆகார்.

‘குமிழ்த்தல்’ என்னும் வினை நம்மிடம் உள்ளது. ‘குமிழ்ப்பு’ என்று பெயராக்கலாம். ஆயினும் அது மட்டும் போதாது. காற்றுக்குமிழி வேறு, ஆவிக்குமிழி வேறு. கப்பலின் அடிப்புறத்தில் வேண்டுமென்றே காற்றுக்குமிழிகளைச் செலுத்தி நீரின் உராய்வைக் குறைக்கும் முறை இன்று வழக்கில் உள்ளது. போர்க்கப்பல்கள் சில, தம் ஒலியை மறைக்கவும் காற்றுக்குமிழிகளை விடுகின்றன. காற்று, நீராக மாறாது. அமுங்கி, மெத்தைபோல் தாங்கும். ஒன்று நண்பன், மற்றொன்று பகைவன் எனலாம். இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால் வகுப்பறையில் குழப்பமே மிஞ்சும். ஆகவே ‘ஆவிக்குமிழ்ப்பு’ என்பதே நம் பரிந்துரை. சொல் சற்று நீளந்தான். பொருளைத் தானே சொல்லும் சொல்லாதலால் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘குமிழி வெடிக்கிறது’ என்று எழுதுவதையும் விலக்க வேண்டும். வெடித்தல் வெளிநோக்கியது. இங்கு நிகழ்வது சுவர் இடிந்து உள்ளே விழுவது போன்றது. ‘உள்ளிடிதல்’ என்றால், இடிந்த மண்சுவரைக் கண்ட எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

குமிழிகளும் நீரும் கலந்தோடும் ஓட்டம் தனி ஆய்வுக்களம். ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டரும், காற்றில் 340 மீட்டரும் செல்லும். இரண்டும் சரிபாதியாகக் கலந்த கலவையிலோ ஏறத்தாழ 20 மீட்டர்தான்! இரண்டினும் குறைவு. ஓட்டமே ஒலியை விஞ்சிவிடக்கூடுமாதலால், அங்கு அதிர்ச்சியலைகள் எழுகின்றன. தகட்டின்மேல் படலமாகப் படிந்த ஆவிக்குமிழிகள் திடீரெனப் பிரிந்து முகிற்கூட்டமாகச் செல்வதற்கு அத்தகைய அலையும் ஒரு காரணம் என்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கணேஷ், மாகிஹார்யு, செச்சியோ ஆகியோர் ஊடுகதிர்ப் படங்களின் துணையால் 2016இல் காட்டினர்.

இன்னும் ஒரு சொல் எஞ்சுகிறது. குமிழி முதன்முதலில் எங்கே, எப்போது தோன்றுகிறது என்பது ஆய்வாளரின் பெருங்கேள்வி. அழுத்தம் ஆவியழுத்தத்தைத் தொட்டவுடன் தோன்றும் என்பது பாடநூல் எளிமை. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய வி. எச். ஆரகேரி, அக்கோஸ்டாவுடன் இணைந்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், நீரோட்டம் பொருளின் மேற்பரப்பை விட்டு விலகும் இடத்துக்கும் குமிழி தோன்றும் இடத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் இத்தகைய சோதனைகளுக்கென நீர்ச்சுரங்கம் உண்டு.

இத்தோற்றத்தைத் ‘தொடக்கம்’ என்று சொல்வது பொதுப்படையானது. பழந்தமிழில் ‘மொக்குள்’ என்னும் சொல் மலரின் அரும்பையும் குறிக்கும், நீர்க்குமிழியையும் குறிக்கும். அவ்விரு பொருளும் இங்கு வேண்டப்படுகின்றன. அரும்புதலைச் சொல்லும் ‘முகிழ்ப்பு’ என்பதை இதற்கு வைக்கலாம் என்று கருதுகிறோம். ஆசிரியர்கள் ‘ஆவிக்குமிழ்ப்பு’, ‘முகிழ்ப்பு’, ‘உள்ளிடிதல்’ ஆகிய மூன்றையும் பொருள் கூறாது பலகையில் எழுதி, மாணவர் தாமாக என்ன பொருள் கொள்கின்றனர் என்பதை மன்றத்துக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். தவறாகப் பொருள் கொள்ளப்படும் சொல்லை மாற்றிக்கொள்வதில் நமக்குத் தடையில்லை.