குடும்பத்துடன் அயல்நாடு செல்வோர் கவனத்திற்கு
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலையின் பொருட்டு மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அயல்நாட்டு நகரங்களில் குடியேறுவது குறித்துச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகக் குழு எங்களைப் பணித்துள்ளது. ஆண்மகன் ஒருவன் தனியாக சபர் செல்வது நம் பகுதிக்குப் புதிதன்று. துறைமுகத்திலும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக்காரர்களிடம் வெல்டர், பிட்டர், கிரேன் ஆபரேட்டர் எனத் தொழில் பழகியவர்கள், அந்தக் கைத்திறனை நம்பியே ஜுபைலுக்கும் தோஹாவுக்கும் சென்று சம்பாதித்து வந்துள்ளனர். இப்போது ஜமாஅத் கடிதம் கேட்டு வருவோர் கூடவே இன்னொன்றும் கேட்கின்றனர்: "குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாமா?"

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. ஆயினும் எங்கள் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறோம். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதே நல்லது. ஆனால் புறப்படும்போதே திரும்பி வருவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் குடும்பம் கிளம்ப வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடற்கரை ரயில் நிலையத்தின் அருகிலுள்ள பர்மா பஜாரே போதும். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களாக இருந்தனர். தமிழ் முஸ்லிம்கள் அங்கே வணிகம் செய்தனர், குடும்பமாக வாழ்ந்தனர், தமக்கெனப் பள்ளிவாசலும் எழுப்பினர். சூலியா பள்ளிவாசல் இன்றும் அந்நகரில் நிற்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசிய பின்னர், கப்பல் கிடைத்தோர் கப்பலிலும் கிடைக்காதோர் மலைக்காடுகளின் வழியே கால்நடையாகவும் இந்தியா திரும்பினர். போர் ஓய்ந்ததும் பலர் மீண்டும் அங்கேயே சென்றனர். பழகிய நகரை மனம் எளிதில் விடுவதில்லை அல்லவா!

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. அதன்பின் இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். தமிழர்கள் பெருமளவில் வந்து இறங்கியது நமது சென்னைத் துறைமுகத்தில்தான். ஈட்டிய பொருளையும் நகையையும் கொண்டுவர அவர்களுக்கு அனுமதியில்லை. 1969இல் அவர்களது பிழைப்புக்காக உருவானதே பர்மா பஜார். வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் அவர்கள் குடியமர்ந்தனர். இன்று நம் பிள்ளைகள் மாலை வேளையில் விரும்பி உண்ணும் அத்தோ, அவர்களோடு வந்த பண்டம். சமையல் பக்குவம் ஒன்றைத்தான் எந்த அதிகாரியாலும் சோதனையிட்டுப் பறிக்க முடியவில்லை போலும்.

அவ்வாறு வந்தோருள் சொந்த ஊரில் ஒரு வீடோ, சிறிது நிலமோ, தொடர்பு விடாத உறவோ வைத்திருந்தவர்கள் சில ஆண்டுகளில் எழுந்து நின்றனர். அனைத்தையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் முகாமிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வளைகுடா நாடுகளின் நிலை பர்மாவைப் போன்றதன்று என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் அங்கே குடும்பம் தங்கியிருக்கும் அனுமதி, பெரும்பாலும் ஒரே மனிதரின் வேலையில் தொங்குகிறது. அவரது வேலை போனால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிடில், மனைவியின் அனுமதியும் பிள்ளைகளின் அனுமதியும் சேர்ந்தே போகின்றன. பள்ளியாண்டின் நடுவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் நிலை இதனால் ஏற்படுவதுதான்.

வேலை போகாமலே கணக்கு உடைவதும் உண்டு. சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல், உடன் தங்கியிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக உயர்ந்து 2020 ஜூலையில் 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் முதலாண்டுக் கணக்கில் 4,800 ரியால் செலுத்தினார். அதே குடும்பத்திற்கு மூன்றே ஆண்டுகளில் அது 19,200 ரியாலாக வளர்ந்தது. சம்பளம் நான்கு மடங்கு உயர்ந்ததா என்று கேட்க வேண்டியதில்லை. நிறையக் குடும்பங்கள் அக்காலத்தில் ஊர் திரும்பின. தகப்பன்மார் மீண்டும் தனியறைக்குச் சென்றனர்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019ஆம் ஆண்டு விதிப்படி, மாதம் 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமுடன் தங்குமிடமோ உடையவர் குடும்பத்தை அழைக்கத் தகுதி பெற்றார். நம் வாலிபர்கள் இந்த எண்ணைக் கேட்டதும் மகிழ்ந்துவிடுகின்றனர். விசா கிடைக்கும் சம்பளம் வேறு, குடும்பம் நடத்தும் சம்பளம் வேறு. துபாயில் வீட்டு வாடகையை மாதந்தோறும் கொடுப்பதைவிட, ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்னதாகவே எழுதித் தருவதே வழக்கம். பள்ளிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் தனி. ஆகவே போகும் முன்னரே ஒரு தாளில் வாடகை, பள்ளி, மருத்துவக் காப்பீடு, அனுமதிக் கட்டணம், பெற்றோருக்கு அனுப்புவது என யாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். மிச்சம் எதுவும் இல்லையெனில், இன்னும் ஓராண்டு தனியாக இருந்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள்.

இக்கணக்கைப் போடும்போது மனைவியும் உடனிருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். முடிவு தேநீர்க் கடையில் எடுக்கப்பட்டு வீட்டுக்கு அறிவிக்கப்படுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கணவருக்குப் பகலெல்லாம் வேலையிடம் உண்டு, தோழர் உண்டு. மனைவிக்கோ எட்டாவது மாடியில் பூட்டிய கதவும் கைப்பேசியும் மட்டுமே. இங்கே தையலோ, டியூஷனோ நடத்திச் சொந்தமாகச் சம்பாதித்தவர், அங்கே கணவரின் பொறுப்பில் தங்கும் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய இயலாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த இழப்பையும் அந்தத் தாளில் எழுதுவதே நேர்மை.

அடுத்து ஆவணங்கள். இதில் ஜமாஅத்தும் உதவ முடியும் என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறோம். குடும்ப விசாவுக்கு முதலில் கேட்கப்படுவது திருமணச் சான்றிதழ். நம் நிக்காஹ் தப்தரில் பதிவானதே போதும் என்று பலர் இருந்துவிடுகின்றனர். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எல்லாச் சமயத்தாரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே பெறும் சான்றிதழையே மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் மேலொப்பமிட்டுத் தர, பின்னர் அந்தந்த நாட்டின் தூதரகம் ஏற்கிறது. சவூதி அரேபியா 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முறையை ஏற்பதால், அங்கு செல்வோருக்குத் தூதரக அலைச்சல் குறைந்துள்ளது.

எழுத்துப் பிழையால் வரும் தொல்லை இதைவிடப் பெரிது. முஹம்மது என்னும் ஒரே திருப்பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். தப்தரில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று. மேலும், நம்மவருள் பலருக்குத் தகப்பனார் பெயர் வெறும் முதலெழுத்தாகவே நிற்கிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டவர் பலர் கலங்கினர். பின்னர், கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் போதுமென விளக்கம் வந்தது. ஆகவே நிக்காஹ் தப்தரில் கையொப்பமிடும் வேளையிலேயே மணமக்கள் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி சரிபார்க்க வேண்டும். விருந்து ஆறிவிடும் என்று அவசரப்படுத்தும் உறவினர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம்.

அயல்நாட்டில் குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் குடியுரிமை தொடர்பாக மத்திய அரசின் அனுமதி வரை செல்ல நேரிடும்.

பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றியும் ஒரு சொல். 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. வெளிநாட்டில் பள்ளி முடித்த பிள்ளை, இங்கே கல்லூரிக் கலந்தாய்வுக்கு வரும்போது சாதிச் சான்றிதழுடன் நேட்டிவிட்டி எனப்படும் இருப்பிடச் சான்றிதழையும் காட்ட வேண்டியுள்ளது. குடும்ப அட்டையை ஒப்படைத்துவிட்டு, வீட்டையும் காலி செய்துவிட்டுச் சென்றவர் இதற்கான ஆதாரங்களைத் திரட்டப் படும் பாடு சொல்லி மாளாது. சாதிச் சான்றிதழைப் போகும் முன்னரே பெற்று, நகல்களை இங்குள்ள நம்பகமான உறவினரிடம் வைத்துச் செல்லுங்கள். அங்கே தமிழ் எழுதப் படிக்க வீட்டிலேனும் கற்றுக்கொடுங்கள். திரும்பி வரும் பிள்ளை பாட்டியின் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் நிற்கக்கூடாது.

குவைத்தை ஈராக் ஆக்கிரமித்த 1990ஆம் ஆண்டில், ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் இழப்பீட்டு ஆணையத்திடம் உரிமை கோரியபோது, சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் பத்திரப்படுத்தியிருந்தவர்களுக்குத் தம் இழப்பை மெய்ப்பிப்பது எளிதாயிற்று. இன்று கைப்பேசியிலேயே படமெடுத்து வைக்க முடியும்போது, அதைச் செய்யாதிருப்பதற்குக் காரணமே இல்லை.

கடைசியாக, இங்கே விட்டுச் செல்லப்படும் முதிய பெற்றோர். மகன் தனியாகச் சென்ற காலத்தில் மருமகள் வீட்டிலிருந்தார். பேரப்பிள்ளைகள் ஓடி ஆடினர். இரவில் நெஞ்சு வலித்தால் கதவைத் தட்ட ஆளிருந்தது. குடும்பமே சென்றபின் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ மேல்மாடியில் இரு முதியவர் மட்டும் இருக்கின்றனர். பணம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. மருத்துவமனையில் கையொப்பமிட யார் வருவார்? அண்ணன் தம்பியரோ, சகோதரியோ, அடுத்த வீட்டாரோ, யாரேனும் ஒருவர் பெயரைக் கேட்டு ஒப்புதல் பெற்று, அவர் கையில் பெற்றோரின் மருத்துவச் சீட்டுகளையும் காப்பீட்டு அட்டையையும் சிறிது பணத்தையும் கொடுத்துச் செல்லுங்கள். அவரது பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஜமாஅத் அலுவலகத்திலும் எழுதிவைக்குமாறு வேண்டுகிறோம். இதற்கெனத் தனி நோட்டு ஒன்று முத்தவல்லி அவர்களின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது. நிக்காஹ் தப்தர் நகல் வேண்டுவோரும் பெயர்த் திருத்தம் வேண்டுவோரும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின்னர் கடவுச்சீட்டுடன் வரலாம்.