விழாநாள் விருந்தினரும் வீட்டார் கடனும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்கழி அணுகுந்தோறும் திருவரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதி இல்லங்கட்கு உறவினரல்லாத விருந்தினர் பலர் வருகின்றனர். பரமபத வாசல் திறப்பைச் சேவிக்க வருவோர், சத்திரங்களும் விடுதிகளும் நிரம்பியபின், வீடுகளில் அறை நாடுவர். நாள்வாடகைக்கு அறை விடுதல் இழிவன்று. மக்கள் அயல்நாடு சென்றபின் தனித்துறையும் மூதாட்டியர் சிலர்க்கு அவ்வருவாயே பெருந்துணை. அதனைக் குறைகூற யாம் வந்திலேம்.

யாம் வருந்துவது வேறொன்று பற்றி. சென்ற மார்கழியில், உரிமையாளர் உறையாத வீடொன்றில் 19 பேர் தங்கினர். கழிப்பறையோ ஒன்றே! நள்ளிரவில் அவருள் தனியே வந்த முதியவரொருவர் மார்வலியால் துடித்தார். அயல்வீட்டாரே அவரை ஆட்டோவில் ஏற்றிக் காவிரிப் பாலங் கடந்து திருச்சிராப்பள்ளி மருத்துவமனை சேர்த்தனர். உடன் தங்கியோர் அவர் பெயரும் அறியார். வீட்டுக்குரியவரோ பெங்களூரில், தரகரிடம் இருந்த தொலைபேசி எண் பிறிதொருவருடையது. முதியவர் பிழைத்தார். அவர்தம் மகன் செய்தியறிந்ததோ மறுநாள் மாலையில்.

இக்குறை புதிதன்று. பூரித் தலத்தில் யாத்திரிகர் வீடுகளில் நெருக்குண்டு வாந்திபேதியால் மடிந்தமையின், அவ்வீடுகட்கு லைசென்சு வேண்டுமென 1871-இலேயே சட்டம் பிறந்தது. நியூயார்க்கு நகரில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்குக் குறைந்து தங்குவோர்க்கு இடம் விடுவோர் பதிவு செய்துகொண்டு, தாமும் உடனுறைதல் வேண்டும். விருந்தினரும் இருவர்க்கு மேற்படலாகாது. நம் இந்திய அரசின் சுற்றுலாத் துறையார் வகுத்த திட்டமும் 6 அறை, 12 படுக்கை என வரையறுத்து, வீட்டார் அங்கேயே வாழ்தல் வேண்டும் என்கின்றது. அதிற் சேர்தல் அவரவர் விருப்பம். வெளிநாட்டார் தங்கின் 24 மணி நேரத்துள் அதிகாரிகட்கு அறிவித்தலோ விருப்பமன்று, சட்டக் கட்டளை.

ஆதலின், வீட்டில் உறையாதவர் நம்பிக்கைக்குரிய ஒருவரையேனும் இரவில் அங்கே படுக்க வைத்தல் வேண்டும். "அவருக்குச் சம்பளம் யார் தருவது?" என நண்பரொருவர் வினவினார். வாடகை வாங்குவோரே தருக!

பெயர், ஊர், உறவினர் தொலைபேசி எண் எனப் பத்தி வகுத்த ஏடுகள் 40 கோடிட்டுக் கொணர்ந்துள்ளோம். அறை விடும் அன்பர்கள் கூட்டம் முடிந்தபின் வாயிலருகே பெற்றுச் செல்க. விலை இல்லை.