'ஏலா டீச்சர்' என்று சொல்லும் பிள்ளையிடம்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்முனைக்குடியில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியைகளே, ஊரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் வந்திருக்கும் எங்கள் பிள்ளைகளே,

பிள்ளைகள் என்று அழைப்பதற்கு, உங்களில் பேரப்பிள்ளை கண்டவர்கள் கோபிக்க வேண்டாம். இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், ஒருவர் ஆரம்பப் பிரிவு. மூவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுவதென்று முடிவெடுத்தோம். அதனால்தான் உரை இவ்வளவு சுருங்கிவிட்டது.

"ஏலா டீச்சர்." எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் அதிகம் கேட்ட சொல் இதுதான். ஒரே சொல்லென்றாலும் பொருள் பல. ஒரு பிள்ளைக்கு அது 'விளங்கவில்லை'. இன்னொரு பிள்ளைக்கு 'பிழைத்தால் சிரிப்பார்கள்'. மற்றொரு பிள்ளைக்கு 'உம்மாவுக்குச் சுகமில்லை, நேற்றிரவு கொப்பியைத் திறக்க நேரமில்லை'. இந்த மூன்றுக்கும் வழி உண்டு. நான்காவதுதான் கடினம்: 'நான் அப்படிப்பட்ட பிள்ளைதான்.' பாடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிள்ளை தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி முடிக்கிறாள். அந்தத் தீர்ப்போடு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை.

பெரும்பாலும் அது பத்து வயதில் எழுதப்படுகிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையைச் சொல்கிறோம். வறிய கிராமத்துப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்புவதற்காக, கன்னங்கரா அவர்களின் காலத்தில், 1940களில் வந்த நல்ல ஏற்பாடு அது. இன்று 200 புள்ளிகளுக்கான அந்தப் பரீட்சையின் பெறுபேறு வந்த மறுநாள் பிரதான வீதியில் பெனர்கள் எழும்புகின்றன. சித்தி பெற்ற பிள்ளைகளின் படங்கள் சிரிக்கின்றன. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையும் அதே வீதியால்தான் பாடசாலைக்கு வருகிறாள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இங்கே தவறிய புள்ளி இன்னொரு மாவட்டத்தில் சித்தியாக இருக்கலாம். இதை அந்தப் பிள்ளைக்கு யார் சொல்கிறார்கள்? வீட்டில் சொந்தக்காரர்கள் கேட்பது "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்றுதான்.

சித்தி பெற்ற பிள்ளையும் தப்பவில்லை. "கெட்டிக்காரி" என்ற பட்டம் அவளுக்கும் ஒரு சுமைதான். 1998இல் அமெரிக்காவில் குளோடியா முல்லர், கரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வில் பங்குபற்றியவர்கள் நம் புலமைப்பரிசில் பிள்ளைகளைப் போல ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்பதால் அது எங்கள் மனதில் நின்றது. இலகுவான புதிர்களைச் செய்து முடித்ததும், சிலரை "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்ற பொருளிலும், சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்ற பொருளிலும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்கள் அதில் சறுக்கியதும் ஆர்வம் இழந்தார்கள். அதன்பின் இலகுவானவற்றைக் கொடுத்தபோதும் முன்பை விடக் குறைவாகவே செய்தார்கள். தங்கள் புள்ளியை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் கூட்டி எழுதினார்கள்! பொய் சொல்லப் பழகிய பிள்ளைகள் அல்ல அவர்கள். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து எல்லோரும் "முயன்றால் முடியும்" என்று சுவரில் எழுத வேண்டாம். பிற்காலத்தில் நடந்த பெரிய ஆய்வுகளில், மனப்பாங்கு பற்றிப் பாடம் எடுத்ததால் மட்டும் கிடைத்த பயன் சிறிதாகவே இருந்தது. சுவர் வாசகத்தைப் பிள்ளைகள் இரண்டு நாள் வாசிப்பார்கள். மூன்றாம் நாள் அதுவும் சுவர்தான்.

அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1977இல் அல்பர்ட் பண்டுரா என்ற அறிஞர் இதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதே வலிமையானது என்றார். நாம் அதிகம் செலவழிப்பதோ ஊக்கச் சொல்லை.

நம் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, வேலை தெரியும். பாய் இழைக்கப் பழக்கும் உம்மா தொடக்கத்தைத் தானே போட்டுவிட்டு நடுப்பகுதியை மகளிடம் கொடுப்பார். பிழைத்த இடத்தை மட்டும் பிரித்துவிட்டு, "இதிலிருந்து இழை" என்பார். முழுப் பாயையும் பிரித்துப் போடுவதில்லை. பின்னத்தில் தடுமாறும் தரம் எட்டுப் பிள்ளைக்கும் இதுதான் தேவை. கொப்பி முழுவதும் சிவப்புக் கோடு இழுப்பதை விட, "மூன்றாவது வரி வரை சரி, நாலாவதில் பகுதியை மாற்ற மறந்துவிட்டாய், அங்கிருந்து செய்" என்று எழுதுவதற்கு அரை நிமிடம் கூடச் செல்லும். அந்த அரை நிமிடத்தை நாற்பது கொப்பிகளால் பெருக்கிப் பார்க்கும் ஆசிரியையின் பெருமூச்சு எங்களுக்குத் தெரியும். எல்லாக் கொப்பிக்கும் எல்லா நாளும் ஏலாது. ஒரு நாளைக்கு ஐந்து கொப்பிக்கு ஏலும்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு செக்கனளவுதான். அதை மூன்று செக்கன்களுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்று செக்கன் என்பது கேட்கச் சிறிது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். அதற்குள் முன்வரிசைக் கைகள் எழும்பிவிடும். அந்தக் கைகளைப் பார்க்காமல் நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

2005 தொடக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் பிள்ளைகள் திரும்பி வந்தபோது, பலருக்குக் கொப்பியும் சீருடையும் இல்லை. சிலருக்கு உம்மாவும் இல்லை. ஊக்கமளிக்கும் பேச்சு ஒன்றுக்கும் எங்களிடம் வாய் இருக்கவில்லை. இடாப்புக் கூப்பிட்டோம். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு ஒரு பக்கம் வாசித்தோம், பலகையில் இலகுவான இரண்டு கணக்கு எழுதினோம். பிள்ளைகள் செய்தார்கள். விடை சரியாக வந்தது. அந்த நாட்களில் அவர்களைச் சுற்றிச் சரியாக வந்தது அது ஒன்றுதான். அதைச் செய்தது அவர்களுடைய கை.

இனிப் பழைய மாணவிகளிடம் ஒரு வார்த்தை. பண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று நீங்கள்தான். தன்னைப் போன்றவள், இதே வாங்கில் இருந்தவள். ஆனால் நீங்கள் மேடைக்கு வரும்போது பட்டத்தோடும் பதவியோடும் வருகிறீர்கள். தாதியாக, சட்டத்தரணியாக, விரிவுரையாளராக. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், 'அவ கெட்டிக்காரி' என்று நினைத்துக்கொண்டு கலைந்து போகிறார்கள். தரம் ஒன்பதில் உங்கள் கணிதப் புள்ளி என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், பயப்பட வேண்டாம், சொல்ல மாட்டோம். நீங்களே சொல்லுங்கள். எந்தப் பாடம் ஓடவில்லை, எத்தனை தரம் எழுதினீர்கள், எந்த ராத்தாவிடம் போய்க் கேட்டுப் படித்தீர்கள் என்பதை ஒரு வகுப்பில் ஒரு பாடவேளை இருந்து சொல்லுங்கள்.

நூற்றாண்டு நிதியிலிருந்து முதலாம் பிள்ளைக்கு இன்னொரு கேடயம் வழங்கும் யோசனை செயற்குழுவில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். முதலாம் பிள்ளையிடம் கேடயம் வைக்க இப்போதே இடமில்லை. அந்தப் பணத்தில் தரம் ஆறிலிருந்து ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாரம் இரு நாள் பின்னேர வகுப்பு நடத்தலாம். கணிதத்துக்கும் தமிழுக்கும் நாங்கள் சம்பளமின்றி வருவோம். முழங்கால் வலிக்கு ஒரு கதிரை போதும்.

வகுப்பறைக்கு வர விரும்புவோர் பெயரையும், வரக்கூடிய கிழமையையும், உங்களுக்கு ஏலாமல் இருந்த பாடத்தையும் ஒரு தாளில் எழுதி, இன்று போவதற்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இந்த மலரில் வாசிப்போர் தபாலில் அனுப்பலாம்.